பட்டியலில் இல்லாத பக்கத்து வீடு

மார்கழி பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும். அதிகாலை நாலு மணிக்கு ராஜபாளையம் சாலையில் உள்ள ஒரு நூற்பாலையின் கோடவுனில், பஞ்சு பேல்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் லேப்டாப். சுவரில் தொங்கும் இரும்புப் பெட்டிக்குள் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். அதன் ஃபைபர் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்த ஃபைபரின் மறுமுனை எதிரே ஸ்பின்னிங் ஷெட்டில் இருக்கும் இன்னொரு ஸ்விட்ச். இரண்டுக்கும் இடையே ஒரு முற்றமும் நாலு வேப்பமரமும்தான்.

ஆலைக்காரர்கள் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று வரைபடம் கேட்டிருந்தார்கள். பகலில் ஆள் நடமாட்டம் அதிகம் என்பதால் இரவில் வந்திருந்தேன். ஷெட் ஸ்விட்சைக் கேட்டால், ‘என் பக்கத்தில் கோடவுன் ஸ்விட்ச் இருக்கிறது’ என்கிறது. கோடவுன் ஸ்விட்சைக் கேட்டால், ‘என் பக்கத்தில் யாரும் இல்லை’ என்கிறது. விளக்கு எரிகிறது, பிங் போட்டால் பதில் வருகிறது, தகவல் இரு பக்கமும் போய்வருகிறது. ஆனாலும் ஒருவன் மற்றவனை அறிகிறான், அந்த மற்றவன் அவனை அறியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் மம்சாபுரம். மேற்கே மலை, சுற்றிலும் தென்னையும் மாவும். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், தெற்கே ராஜபாளையம். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே, ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கல்லூரிகளிலும் கேபிள் இழுத்து, ஸ்விட்ச் மாட்டி, பழுது பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று இரவு பார்த்த பழுது மிகச் சின்னது. ஆனால் அம்மா இறந்த நாளிலிருந்து நான் சுமந்து திரிந்த ஒரு கேள்வியை அது திறந்து வைத்தது. பதில் வரவில்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா?

ஸ்விட்சுகள் தம் அயலாரை அறிந்துகொள்ளும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பெரிய மர்மம் ஏதுமில்லை. ஒவ்வொரு ஸ்விட்சும் தன் ஒவ்வொரு போர்ட் வழியாகவும் முப்பது விநாடிக்கு ஒருமுறை தன்னைப் பற்றி ஒரு சிறு சேதி அனுப்புகிறது. ‘நான் இன்னார், இது என்னுடைய இத்தனையாவது போர்ட், இந்தச் சேதி இத்தனை விநாடி செல்லும்’ என்ற மூன்றும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர், வேலை, நிர்வாக முகவரி எல்லாம் விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். எல்எல்டிபி என்பது இதன் பெயர். 2005-ல் ஐஇஇஇ அமைப்பு 802.1ஏபி என்ற தரநிலையாக இதை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1994 முதல், சிஸ்கோ நிறுவனம் தன் கருவிகளுக்கென்று சிடிபி என்ற தனிமொழியை வைத்திருந்தது.

இந்த முறையில் என்னை எப்போதும் தொடுவது ஒன்றுண்டு. சேதி அனுப்பும் ஸ்விட்ச் பதிலை எதிர்பார்ப்பதில்லை. ‘கேட்டாயா’ என்று கேட்பதில்லை. ‘கேட்டேன்’ என்று மறுபக்கமும் சொல்வதில்லை. தன் பெயரைச் சொல்லிவிட்டு, முப்பது விநாடி கழித்து மீண்டும் சொல்கிறது. எதிரே கேட்பார் யாரும் இல்லாவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்பவன் அந்தப் பெயரை வழக்கமாக 120 விநாடி பட்டியலில் வைத்திருப்பான். அதற்குள் மறு சேதி வராவிட்டால் அழித்துவிடுவான். முறைப்படி நிறுத்தப்படும் ஸ்விட்ச், ஆயுள் சுழியம் என்று ஒரு கடைசிச் சேதி அனுப்பிவிட்டுப் போகும். கரண்டு போய்ச் செத்த ஸ்விட்சுக்கு அந்த விடைபெறல் வாய்ப்பதில்லை. அது போன பிறகும் இரண்டு நிமிடம் வரை அதன் பெயர் அயலானின் பட்டியலில் நின்றுகொண்டிருக்கும்.

கோடவுனுக்கு வருகிறேன். கோடவுன் ஸ்விட்ச் ஷெட்டை அறியவில்லை என்றால், ஷெட் பேசவில்லை என்றுதான் மனம் முதலில் முடிவு கட்டுகிறது. நானும் அப்படித்தான் கட்டினேன். முற்றத்தைக் கடந்து ஷெட்டுக்குப் போனேன். மூன்றாம் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. பேட்ச் கார்டை மாற்றினேன். ஃபைபர் செருகும் எஸ்எஃப்பியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அனுப்பும் கணக்கைப் பார்த்தேன். முப்பது விநாடிக்கு ஒன்றாக எண் ஏறிக்கொண்டே போயிற்று. அவன் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். அப்புறமும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருவேளை இருவரும் வேறு வேறு மொழி பேசுகிறார்களோ, ஒருவன் சிடிபியும் மற்றவன் எல்எல்டிபியுமாக? அதையும் பார்த்தேன். இருவரும் எல்எல்டிபிதான்.

மறுபடி கோடவுனுக்கு வந்து, கடைசியாகத்தான் இந்தப் பக்கத்து போர்ட்டின் அமைப்பைத் திறந்து படித்தேன். எல்எல்டிபியில் அனுப்புவதும் வாங்குவதும் தனித்தனி. ஒன்றைத் திறந்து மற்றதை அடைத்து வைக்கலாம். அந்த போர்ட்டில் அனுப்புவது திறந்திருந்தது. வாங்குவது அடைபட்டிருந்தது.

அடைத்தது நான்தான். இரண்டு வருடம் முன்பு அந்த போர்ட்டில் யாரோ ஒருவருடைய கருவியை வேறு வேலைக்காகச் செருகியிருந்தார்கள். அதன் பெயர் என் பட்டியலில் வந்து குழப்பிக்கொண்டே இருந்தது. எரிச்சலில் ‘இங்கே எதுவும் காதில் விழ வேண்டாம்’ என்று ஒரு வரி அடித்துவிட்டுப் போனவன், அதைத் திரும்பத் திறக்க மறந்துவிட்டேன். அந்த இரண்டு வருடமும் முற்றத்துக்கு அப்பாலிருந்து ஒருவன் முப்பது விநாடிக்கு ஒருமுறை தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அடைப்பை எடுத்தேன். அரை நிமிடம் ஆவதற்குள் பட்டியலில் பெயர் வந்தது. அந்த நேரம் வெளியே எங்கோ கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கியது.

‘இல்லை’ என்று அறிவது எப்படி என்பது நம் நாட்டு அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கேள்வி. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசும் வைதிகவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான். அளவை என்றால் ஒன்றை அறிவதற்கான வழி. கண்ணால் காண்பது, கருதி உணர்வது இவற்றோடு அபாவமும் அந்தப் பத்தில் ஒன்று. இல்லாமையை அறிவதுதான் அபாவம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவைகளைப் பேசும்போதும் அபாவம் அந்த வரிசையில் வருகிறது. அவர் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறார்.

தரையில் குடம் இல்லை. இதை எப்படி அறிந்தோம்? கண் தரையைக் கண்டது, குடத்தைக் காணவில்லை. காணாமையே ஒரு தனி அறிவுவழி என்றார் மீமாம்சகரான குமாரில பட்டர். தனி வழி வேண்டாம், கண்ணே அந்த இல்லாமையையும் காண்கிறது என்றார்கள் நியாய நூலார். இவர்கள் இப்படிப் பிரிந்து நின்றாலும் ஒரு நிபந்தனையில் எல்லாரும் ஒன்று சேர்கிறார்கள். காணாததெல்லாம் இல்லை என்று ஆகாது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லத்தக்க இடத்தில்தான் காணாமை ‘இல்லை’ என்பதற்குச் சான்றாகும். வெளிச்சம் இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், பொருள் கண்ணுக்குப் படும் வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இருட்டறையில் நின்று குடம் இல்லை என்பவன் குடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தன் இருட்டைச் சொல்கிறான்.

பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நியாய நூலார் உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில் இந்த நிபந்தனையைக் கடவுளிடம் கொண்டுபோகிறார். கண்ணுக்குப் படவில்லை, ஆகவே கடவுள் இல்லை என்கிறாயே, அவர் கண்ணுக்குப் படத்தக்கவர் என்று யார் சொன்னது என்று கேட்கிறார். அவருக்கு முன்பே, கடவுளை ஏற்காத பௌத்தரான தர்மகீர்த்தியும் இதே விதியைச் சொல்லியிருந்தார். அவர் காட்டும் உதாரணம் பிசாசு. கண்ணுக்குத் தெரியாத இயல்புடையது என்று நீயே சொல்லும் பிசாசைக் காணவில்லை என்பதை வைத்து, அது இங்கே இல்லை என்று தீர்மானிக்க முடியாது. கடவுளுக்காக வாதிட்டவரும் கடவுளை மறுத்தவரும் ஒரே விதியின் மேல் நின்றது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த விதி கடவுளை நிறுவாது. அது திறந்து வைக்கும் அதே கதவு வழியாக எங்கள் ஊர்ப் புளியமரத்துப் பேயும் வரலாம். விதி கேட்பது ஒன்றுதான். ‘இல்லை’ என்று சொல்லும் முன் உன் பக்கத்தைச் சோதித்தாயா?

கண்ணுக்குப் படாமலே ஒன்று இருப்பதை அறிந்த அனுபவமும் எனக்கு உண்டு. வேறொரு கட்டடத்தில் ஒரே போர்ட்டில் இரண்டு அயலார் தெரிந்தார்கள். ஒரு கேபிளுக்கு இரண்டு முனைதான். ஒரு முனை என் ஸ்விட்ச். மறுமுனையில் இரண்டு பேர் எப்படி இருக்க முடியும்? நடுவில் எதுவோ ஒன்று இருந்தாக வேண்டும். மேசைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். ஐந்து போர்ட் உள்ள மலிவான சிறு பெட்டி ஒன்று தூசிக்குள் கிடந்தது. அதற்குப் பெயர் கிடையாது, முகவரி கிடையாது, தன்னைப் பற்றி அது எதையும் அனுப்புவதில்லை. வருவதை வாங்கி மறுபக்கம் கொடுப்பதே அதன் வேலை. எல்எல்டிபி சேதியை இப்படி இடையில் இருப்பவர் கடத்தக் கூடாது என்பது தரநிலை. பக்கத்தில் இருப்பவனோடு அது நின்றுவிட வேண்டும். சில மலிவுப் பெட்டிகள் அந்த விதியைப் பார்ப்பதில்லை. சிடிபி சேதிக்கோ இப்படிப்பட்ட பெட்டியில் தடையே கிடையாது. அதனால் தூரத்தில் இருப்பவன் அயலான் போலத் தெரிவான். உண்மையான அயலான் தெரியவே மாட்டான்.

பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்றால் இரவில் உண்கிறான் என்று கொள்ள வேண்டும் என்பது மீமாம்சகரின் பழைய உதாரணம். அருத்தாபத்தி என்பார்கள். மணிமேகலையின் பத்தில் அதுவும் உண்டு. அந்தப் பெட்டியை நான் அறிந்தது அருத்தாபத்தியால்தான். அதைக் கையில் எடுத்துத் தூசி தட்டும்போது, பெயர் சொல்லாமல் எல்லாரையும் சேர்த்து வைத்துவிட்டுப் போன எத்தனை மனிதர்கள் என் பட்டியலில் இல்லாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அம்மா அப்படி இருந்தவள். அண்ணனும் நானும் பேசிக்கொள்கிறோம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இருவர் பேச்சும் அவள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது.

கோடவுனில் அன்று கேட்ட பாட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருப்பாவை பள்ளிப் பாடத்துக்கு முன்பே வந்துவிடும். அதைப் பாடிய ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முப்பது பாட்டில் ஆறு முதல் பதினைந்து வரையான பத்துப் பாட்டும் வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புவது. சிறுவயதில் அதை அழகான காட்சியாகத்தான் பார்த்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகுதான், அது பதில் வராத வாசலில் நின்று என்ன செய்வது என்று சொல்லும் பாடமாகவும் தெரிகிறது.

ஒன்பதாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாளிகையில் சுற்றிலும் விளக்கு எரிகிறது. தூபம் மணக்கிறது. உள்ளே பெண் படுத்திருக்கிறாள், கதவு திறக்கவில்லை. வெளியே நிற்பவர்கள் அவள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அவளுடைய அம்மாவை மாமி என்று விளித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறார்கள். உங்கள் மகளுக்குப் பேச வராதா? காது கேட்காதா? சோம்பலா? அல்லது யாராவது மந்திரம் போட்டுத் தூங்க வைத்துவிட்டார்களா? அனுப்புவது அடைபட்டதா, வாங்குவது அடைபட்டதா, வேலையே ஓடாமல் கிடக்கிறதா, வேறு யாரோ பூட்டி வைத்தார்களா என்று நான் கோடவுனில் கேட்டுக்கொண்ட நாலு கேள்வியும் அங்கே வரிசையாக இருக்கின்றன. விளக்கு எரிவதை ஆண்டாள் முதலில் சொல்லிவிட்டுத்தான் கேள்விக்கு வருகிறாள். உயிர் இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அடுத்த பாட்டில், கதவைத் திறக்காவிட்டாலும் ஒரு பதிலாவது தரக்கூடாதா என்கிறாள். கதவு வேறு, குரல் வேறு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பதினைந்தாம் பாட்டில்தான் உள்ளே இருப்பவளின் குரல் நமக்குக் கேட்கிறது. வெளியே இருப்பவர்களும் அவளும் குற்றம் யாருடையது என்று மாறிமாறிப் பேசுகிறார்கள். முடிவில் அவள், சரி, குற்றம் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொள்கிறாள். வைணவ உரைகாரர்கள் இந்த இடத்தை மிக உயர்வாகப் போற்றுவார்கள். பிறர் சுமத்தும் குற்றத்தைத் தன்னுடையது என்று ஏற்பதே அடியாரின் இலக்கணம் என்பார்கள். ஏற்றுக்கொண்ட பிறகு அவள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று கேட்கிறாள். வந்துவிட்டார்கள், வெளியே வந்து நீயே எண்ணிப் பார் என்கிறார்கள். வந்தால்தான் எண்ண முடியும். உள்ளே படுத்துக்கொண்டு எண்ணிய எண்ணிக்கை எதற்கும் ஆகாது.

கோடவுனில் அந்தக் காலையில் என் தொழில் தப்பைக் கண்டுபிடித்து மூன்று வாரம் ஆகியிருக்கும். பழைய போனை மகனுக்குக் கொடுப்பதற்காக அதில் இருந்ததை எல்லாம் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். தடுக்கப்பட்ட எண்கள் என்ற இடத்தில் ஒரே ஓர் எண் இருந்தது. அண்ணனுடையது.

அப்பா விட்டுப்போன மாந்தோப்பைப் பிரிப்பதில் எங்களுக்குள் வார்த்தை முற்றிப்போன நாளில் அதை நான் அடைத்திருக்கிறேன். அடைத்ததே நினைவில் இல்லை. அம்மா இறந்தபோது இருவரும் சேர்ந்துதான் கொள்ளி வைத்தோம். அதன் பிறகு ஒரே தெருவில், நடுவில் மூன்று வீடு விட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டோம். ‘அண்ணன் ஒரு போன் போட்டிருந்தால் நான் பேசியிருப்பேன்’ என்று வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உள்ளூர அதை நம்பவும் செய்தேன். தடுக்கப்பட்ட அழைப்புகளில் நாலு இருந்தன. அவற்றில் ஒன்று அம்மாவின் முதல் திதி அன்று, காலை ஆறே காலுக்கு.

எண்ணைத் திறந்துவிட்டேன். இரண்டு நாள் காத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. நாலு தடவை கூப்பிட்டவருக்கு ஐந்தாவது தடவை கூப்பிட வேண்டிய கடமை இல்லை. இனி சொல்ல வேண்டியவன் நான் என்பது புரிந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை எழுந்து அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். மதினி கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே திரும்பி, “ஏங்க, தம்பி வந்திருக்காரு” என்றார்கள்.

அண்ணன் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். நான் போனைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

“நாலு தடவை கூப்பிட்டிருக்கீங்கண்ணே. நான்தான் அடைச்சு வச்சிருக்கேன். எனக்கே தெரியலை.”

அவர் போனை வாங்கிப் பார்க்கவில்லை.

“போன்ல நாலுதான்டா. உன் வாசல்ல வந்து நின்னுட்டுத் திரும்பினதை உன் போன் எண்ணாதுல்ல.”

அந்த ஒரு வாக்கியத்தை இன்னமும் என்னால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. நான் கண்டுபிடித்த நாலு என்பதும் என் பக்கத்துக் கணக்குத்தான். என் கருவி வரை வந்து மோதித் திரும்பியவை மட்டும் அதில் பதிந்திருக்கின்றன. அதற்கு முன்பே நின்றுபோனவற்றுக்கு எந்தப் பட்டியலும் கிடையாது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாளும் நான் வேண்டிக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளிடமும் வடபத்ரசாயிப் பெருமாளிடமும் கேட்டேன். பதில் வரவில்லை என்று முடிவு செய்து கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். இப்போது பதில் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வந்ததாகச் சொன்னால் அது பொய். ‘வரவில்லை’ என்று அன்று நான் சொன்ன சொல்லுக்கு எனக்குத் தகுதி இருந்ததா என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். நான் எதிர்பார்த்த பதில் ஒன்றே ஒன்று, அம்மா பிழைக்க வேண்டும் என்பது. அந்த மொழியில் வராத எதையும் கேட்பதற்கு அந்த நாட்களில் என் காது திறந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் தரையில் படுத்துக் கிடந்த அண்ணனையே நான் காணவில்லை. அவ்வளவு அருகில் இருந்தவரைக் காணாத கண்ணை வைத்துக்கொண்டு, ஆண்டவனைக் காணவில்லை என்று நான் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

பேசாமல் இருக்க உரிமை உள்ளவர்களும் உண்டு. வெளியார் செருகும் போர்ட்டுகளில் எல்எல்டிபியை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். பெயரையும் முகவரியையும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வது பாதுகாப்பில்லை. மனிதரிலும் அப்படிக் காயப்பட்டு மௌனமானவர்கள் இருக்கிறார்கள். கடவுளும் அப்படி மௌனம் கொண்டவராக இருக்கலாம். அந்த மௌனத்தை இல்லாமை என்று பதிவுசெய்வதுதான் பிழை.

இப்போதெல்லாம் ஒரு போர்ட்டில் அயலான் தெரியாவிட்டால் எதிர்ப்பக்கம் போவதற்கு முன் இந்தப் பக்கத்தைப் படித்துப் பார்க்கிறேன். முப்பது விநாடியாவது கை வைக்காமல் காத்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கும் அதையே சொல்லித் தருகிறேன். வரைபடத்தில், தெரியாத இடத்தில் ‘யாரும் இல்லை’ என்று எழுத விடுவதில்லை. ‘இங்கிருந்து தெரியவில்லை’ என்று எழுதச் சொல்கிறேன்.

இந்த மார்கழியில் நீராட்டு உற்சவத்துக்கு அண்ணனும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தோம். எண்ணெய்க் காப்புப் பார்க்கக் கூட்டம் நெருக்கியது. அண்ணன் எதுவும் பேசாமல் முன்னால் நடந்தார். சன்னதி முன் நின்றபோது எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. என் பெயரை, ஊரை, இன்னார் மகன் என்பதை மனசுக்குள் சொன்னேன். சற்று நேரம் கழித்து இன்னொரு தடவை சொன்னேன்.